போக்கரில் அணியும் கோச்சும்: முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: இரண்டு வருடமாக ஆன்லைனில் சிறிய தொகைக்கு, ஆறு பேர் மேசையில் போக்கர் ஆடுகிறீர்கள். பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. இப்போது நண்பர்கள் நாலைந்து பேர் ஓர் அணி லீக்குக்குக் கூப்பிடுகிறார்கள். அதே சமயம் ஒரு கோச், முன்பணம் எதுவும் வேண்டாம், அடுத்த மூன்று மாதத்தில் வரும் லாபத்தில் பாதி கொடுத்தால் போதும் என்கிறார். எதில் சேர்வது, இரண்டுமே வேண்டாமா என்கிறீர்கள். கேள்வியை மறுபடி படித்துப் பார்த்தபோது அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. என் ஆட்டம் முன்னேறுகிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, அதை யாரிடம் கேட்பது என்பதுதான் அது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிந்தால் லீக், கோச் இரண்டையும் எடைபோடுவது சுலபம்.

நான் பல வருடங்கள் ஆறு பேர் மேசையில் நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு கிடையாது) ஆடியவன். அணி லீக்குகளில் ஆடியிருக்கிறேன், பணம் கொடுத்துக் கோச்சிடம் கற்றிருக்கிறேன், பிறகு சிறிய தொகைக்கு ஆடுபவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஓமாஹா என்ற இன்னொரு வகையைப் பற்றியோ மிகப் பெரிய தொகை ஆட்டங்கள் பற்றியோ நான் பேசுவது சரியாக இருக்காது. கீழே சொல்வதையெல்லாம் சிறிய, நடுத்தர மேசைகளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். கேஷ் ஆட்டத்தில், அதாவது சிப்புக்கு நேரடிப் பண மதிப்புள்ள ஆட்டத்தில், ஒருவருடைய ஆட்டத்தை, 100 கைக்கு (சீட்டுப் போட்டு முடியும் ஒரு சுற்று ஒரு கை) எத்தனை பிக் பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் ஒருவர் கட்டாயமாக முன்வைக்கும் தொகை, அதுதான் இங்கே அலகு) லாபம் என்று அளக்கிறோம். அது 2 என்றால் மதிக்கத்தக்க எண். ஆனால் ஆறு பேர் மேசையில் 100 கைக்கான திட்டவிலக்கம் சுமார் 90 பிக் பிளைண்ட். நம் ஆட்டம் கொடுப்பது 2, சீட்டு மேலும் கீழும் இழுப்பது 90. இதை வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையிலேயே 100 கைக்கு 2 பிக் பிளைண்ட் ஜெயிக்கும் ஆள்கூட 20,000 கை ஆடிய பிறகு நஷ்டத்தில் நிற்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. ஒரு லட்சம் கை ஆடினாலும் ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு. வேலை பார்த்துக்கொண்டே ஆடுபவருக்கு ஒரு லட்சம் கை என்பது பல மாதக் கணக்கு. அதற்குள் அவருடைய ஆட்டமும் மாறியிருக்கும், எதிரில் உட்காருபவர்களும் மாறியிருப்பார்கள். ஆகவே லாப நஷ்ட வரைபடத்தைப் பார்த்து 'இந்த மாதம் நன்றாக ஆடினேன்' என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது, உங்கள் கோச்சாலும் முடியாது.

இதில் உங்களுக்கு ஆறுதலான ஒன்றும் இருக்கிறது. சிறிய மேசைகளில்தான் ரேக் அதிகம் உறைக்கும். ரேக் என்பது ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து (பாட்) தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு. அதை, 100 கைக்கு எத்தனை பிக் பிளைண்ட் என்று மாற்றிப் பார்த்தால், பெரிய மேசையைவிட சிறிய மேசையில் அது பல மடங்கு. இரண்டு வருட ஆட்டத்தில் ரேக் போக கணக்கு ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கிறது என்றால், மேசையில் இருப்பவர்களின் சராசரியைவிட நீங்கள் நன்றாக ஆடியிருக்கவே வாய்ப்பு அதிகம். ரேக்கைத் தாண்டுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஆடிய கைகளின் பதிவை (ஹேண்ட் ஹிஸ்டரி) சேமித்துவைத்திருந்தால் போக்கர் டிராக்கர், ஹோல்டெம் மேனேஜர் மாதிரி மென்பொருளில் ஏற்றி, நீங்கள் கட்டிய ரேக் மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். பலருக்கு அந்த எண்ணைப் பார்த்தபிறகுதான் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று புரிகிறது.

சரி, முடிவுகள் எதையும் சொல்லாது என்றால் வேறு எது சொல்லும்? என் பதில்: எடுத்த தீர்மானங்களை, முடிவு தெரியாத இன்னொருவர் பார்த்துக் கேள்வி கேட்பது. அணியின் மதிப்பும் கோச்சின் மதிப்பும் இந்த ஒரு வேலையை எவ்வளவு நேர்மையாகச் செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம், அதாவது உற்சாகம், அணிப் பெயர், லீக் அட்டவணை, கோச்சின் பழைய வெற்றிகள் எல்லாமே இதற்கு அடுத்துத்தான்.

இதற்கு நல்ல உதாரணம் 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நடந்த போட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற நிரலுக்கு எதிராக நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒற்றைக்கு ஒற்றையாக நோ-லிமிட் ஹோல்டெம் ஆடினார்கள். 20 நாள், 120,000 கை. நிரல் 100 கைக்கு 14.7 பிக் பிளைண்ட் வீதத்தில் ஜெயித்தது. நான் சொல்ல வருவது அந்தத் தோல்வியைப் பற்றி இல்லை. முதலாவது, அந்த ஆராய்ச்சியாளர்கள்கூட வெறும் எண்ணிக்கையை நம்பவில்லை. நான்கு பேரை இரண்டு இரண்டாகப் பிரித்து, ஓர் அறையில் மனிதருக்குப் போன சீட்டு இன்னோர் அறையில் நிரலுக்குப் போகும்படி வைத்தார்கள். சீட்டு ராசி இரண்டு பக்கமும் கழிந்துபோகட்டும் என்பதற்காக. இரண்டாவது, நான்கு பேரும் ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்தபின் ஒன்றாக உட்கார்ந்து, யார் எங்கே என்ன கண்டார்கள் என்று ஒப்பிட்டு நிரலின் பலவீனத்தைத் தேடினார்கள். நிரலும் இரவோடு இரவாகத் தன் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே வந்தது. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருப்பவர்களே தனியாக யோசிப்பது போதாது என்று சேர்ந்து உட்கார்ந்தார்கள். நம் நிலையில் அதற்கான தேவை கூடுதல்தான்.

சேர்ந்து உட்காருவதில் ஒரு முறை உண்டு. என் அனுபவத்தில் பலன் கொடுத்தது இப்படித்தான்: கையைக் கொண்டுவருபவர் தன் சீட்டு, இடம், ஸ்டாக் அளவு (கையிலுள்ள சிப்), ஃப்ளாப் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு), பந்தயத் தொகை எல்லாவற்றையும் சொல்வார். ஆனால் ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு வந்தபின், தான் என்ன செய்தோம், எதிராளி என்ன காட்டினார் என்பதைச் சொல்ல மாட்டார். மற்ற ஒவ்வொருவரும் தங்கள் முடிவையும் காரணத்தையும் தனித்தனியாக எழுதிவைத்தபின்தான் பேச்சு தொடங்கும். முடிவு தெரிந்துவிட்டால் யாராலும் நேர்மையாக யோசிக்க முடிவதில்லை. ஜெயித்த கை சரியாக ஆடியதாகவும் தோற்ற கை தப்பாக ஆடியதாகவும் தோன்றத்தான் செய்யும். எழுதாமல் பேச ஆரம்பித்தாலும் சிக்கல்தான். முதலில் வாயைத் திறப்பவர் சொல்வதை மற்றவர்கள் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஓர் உதாரணக் கை. உங்களிடம் ராஜாவும் ராணியும். போர்டில், அதாவது பொதுச் சீட்டுகளில், ஸ்பேட் ராஜா, ஸ்பேட் 8, ஹார்ட் 4, டைமண்ட் 2, கடைசியாக கிளாவர் ஜாக். ஃப்ளாப்பிலிருந்து மூன்று கட்டத்திலும் பந்தயம் வைத்துவந்த எதிராளி, ரிவரில் பாட் 100 இருக்கும்போது 100 போடுகிறார். 100 கொடுத்து 200-ஐ ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். மூன்று தடவைக்கு ஒரு தடவை நீங்கள் முன்னால் இருந்தால் கால் செய்வதில், அதாவது அதே தொகையைப் போட்டுச் சீட்டைப் பார்ப்பதில், நஷ்டமில்லை. தனியாக இருக்கும்போது 'டாப் பேர், நல்ல கிக்கர்' (போர்டின் பெரிய சீட்டோடு ஜோடி, கூட இருக்கும் சீட்டும் பெரியது) என்பதோடு யோசனை நின்றுவிடும். குழுவில் ஒருவர் கேட்பார்: உங்கள் ராணி எந்த இனம்? அது ஸ்பேடாக இருந்தால், எதிராளி ஸ்பேட் ஃப்ளஷ்ஷுக்காக, அதாவது ஐந்து ஸ்பேடுக்காக, காத்திருந்து தவறவிட்ட கைகளில் சில இருக்கவே முடியாது. ஏஸ்-ராணி ஸ்பேட், ராணி-10 ஸ்பேட் எல்லாம் போய்விட்டன. அவர் ப்ளஃப் செய்யக்கூடிய, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே பந்தயம் வைத்து மிரட்டக்கூடிய, கைகள் குறைகின்றன, கால் செய்வது அந்த அளவுக்கு மோசமாகிறது. ராணி டைமண்டாக இருந்தால் அந்த ப்ளஃப்கள் எல்லாம் அவர் கையில் இருக்கலாம். ஒரே பேர், ஒரே கிக்கர், ஆனால் முடிவு மாறலாம். அடுத்து இன்னொருவர் கேட்பார்: இந்த மேசையில் இந்த ஆள் மூன்றாவது தடவையும் ப்ளஃப் செய்பவரா? சிறிய மேசைகளில் பெரும்பாலோர் ரிவரில் பாட் அளவுக்குப் போட்டால் நல்ல கை வைத்திருப்பார்கள். இந்த இரண்டாவது கேள்வி முதல் கேள்வியையே விழுங்கிவிடும். இரண்டையும் யாராவது சத்தமாகக் கேட்டால்தான் அடுத்த முறை மேசையில் அவை நமக்குத் தானாக வரும்.

குழு கெட்டுப்போகும் வழிகளும் எனக்குத் தெரியும். முதலாவது புலம்பல். ஏஸ் ஜோடியை ராஜா ஜோடி உடைத்தது என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். ப்ரீஃப்ளாப்பில், அதாவது ஃப்ளாப்புக்கு முன்பே, எல்லாப் பணமும் உள்ளே போனால் ராஜா ஜோடி ஐந்து தடவைக்கு ஏறக்குறைய ஒரு தடவை ஜெயிக்கத்தான் செய்யும். பேச அதில் ஒன்றுமில்லை. இரண்டாவது, குழுவில் எல்லோருக்கும் ஒரே ஓட்டை இருப்பது. ஐந்து நண்பர்களும் ஒரே இடத்தில் கற்று, ஒரே வீடியோக்களைப் பார்த்து வந்தவர்கள் என்றால், ஐந்து பேரும் தப்பான ஒரு விஷயத்தில் ஒருமனதாக இருப்பார்கள். அந்த ஒருமனதைத் தெளிவு என்று நினைத்துக்கொள்வதும் நடக்கும்.

அதற்குத்தான் சால்வர், அதாவது ஒரு கையை எப்படி ஆடுவது என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள், இருக்கிறது என்பார்கள். பியோசால்வர் 2015-இல் வந்ததிலிருந்து படிப்பு முறையே மாறிவிட்டது, உண்மை. ஆனால் அது நாம் உள்ளிடும் ரேஞ்சையும் (ஒருவரிடம் இருக்கக்கூடிய கைகளின் பட்டியல்) பந்தய அளவுகளையும் வைத்துத்தான் விடை சொல்லும். எதிராளியும் தப்பே செய்யாமல் ஆடுவார் என்ற அனுமானத்தில் சொல்லும். நீங்கள் உட்காரும் மேசையில் அப்படி யாரும் ஆடுவதில்லை. சால்வர் ஒரு கையில் 30 சதவீதம் ப்ளஃப் செய்யச் சொன்னது என்பதற்காக, கையிலிருக்கும் எந்த ஜோடியையும் விடாதவரிடம் போய் ப்ளஃப் செய்வது பணத்தை எறிவதுதான். சால்வர் ஏன் அப்படிச் செய்கிறது என்று விளக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் பலன் உண்டு. வெறும் சதவீதத்தை மனப்பாடம் செய்யும் குழுக்கள் எனக்குத் தெரிந்து ரொம்ப தூரம் போனதில்லை.

இப்போது அணிப் போட்டி. இதில் வகைகள் உண்டு, உங்கள் லீக் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. டேக் டீம் வகையில் ஓர் அணிக்கு ஒரே ஸ்டாக். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடுவார், மாறி மாறி உட்காரலாம். உலக போக்கர் தொடரில் 2016-இல் இப்படி ஒரு போட்டி சேர்க்கப்பட்டது. பெரும்பாலான நண்பர்கள் லீக்குகள் புள்ளி முறையில் நடப்பவை. ஒவ்வொருவரும் தனித்தனியாக டோர்னமென்ட் ஆடுவார்கள், பிடித்த இடத்துக்கு ஏற்ற புள்ளிகள் அணிக்குச் சேரும். மூன்றாவது டூப்ளிகேட் முறை, பிரிட்ஜ் ஆட்டத்தில் நெடுங்காலமாக இருப்பது. பல மேசைகளிலும் ஒரே இருக்கைக்கு ஒரே சீட்டு போகும். ஒவ்வொரு மேசையிலும் உங்கள் அணியில் ஒருவர், வெவ்வேறு இருக்கையில். எல்லா மேசையையும் கூட்டினால் எல்லா அணிக்கும் வந்த சீட்டு ஒன்றே. அதே சீட்டோடு யார் அதிகம் எடுத்தார்கள், யார் குறைவாக விட்டார்கள் என்பதுதான் போட்டி. மேட்ச் போக்கர் என்ற பெயரில் சர்வதேசக் கூட்டமைப்பு நடத்துவது இந்த வகைதான்.

கற்பதற்கு எது நல்லது என்று கேட்டால் நான் தயங்காமல் டூப்ளிகேட் முறையைச் சொல்வேன். அதே சீட்டை, அதே இருக்கையில் வேறொருவர் எப்படி ஆடினார் என்று பார்ப்பதைப்போல ஒரு பாடம் வேறெங்கும் இல்லை. ஏஸ் ஜோடியில் நீங்கள் 12 பிக் பிளைண்ட் எடுத்தீர்கள், அடுத்த மேசையில் 40 எடுத்தார்கள் என்றால் பேச ஏதோ இருக்கிறது. எதிராளிகள் வேறுவேறு என்பதால் அதிலும் அதிர்ஷ்டம் முழுக்க ஒழியாது, ஆனால் நன்றாகக் குறைகிறது. புள்ளி முறை லீக்கில் பாதி மாதத்துக்கு ஒரு டோர்னமென்ட் என்று ஆடினால், சீசன் முடிவில் உங்கள் இடம் உங்கள் திறமையைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது. டோர்னமென்டில் ஏற்ற இறக்கம் கேஷ் ஆட்டத்தைவிடவும் அதிகம். அட்டவணையில் முதலிடம் வந்தால் சந்தோஷப்படுங்கள், கடைசியில் நின்றால் ஆட்டத்தை மாற்றிவிடாதீர்கள். புள்ளி விதிகளை மட்டும் முன்கூட்டியே படித்துவைக்க வேண்டும். முதல் மூன்று இடத்துக்கு மட்டும் பெரிய புள்ளி என்றால் ரிஸ்க் எடுப்பது சரி. எட்டாவது இடத்துக்கும் கணிசமான புள்ளி என்றால் குறைந்த சிப்போடு தாக்குப்பிடிப்பதற்கு மதிப்பு கூடுகிறது. பணப் பரிசு டோர்னமென்டில் பழகிய அதே ஆட்டத்தைப் புள்ளி லீக்கிலும் ஆடி, அணியே புள்ளி விட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அணிக்காக ஆடுவது ஒருவரை நல்ல ஆட்டக்காரராக்குமா? இங்கே நான் உறுதியாகப் பேச மாட்டேன், பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நண்பர்கள் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் சிலரை ஒழுங்குபடுத்துகிறது. சோர்வாக இருக்கும்போது ஆடாமல் எழுந்துபோகிறார்கள், தோற்ற கோபத்தில் (டில்ட்) அடுத்த மேசை திறப்பதில்லை. வேறு சிலரை அதே எண்ணம் பயமுறுத்துகிறது. திட்டு வாங்காத முடிவையே எடுக்கிறார்கள். ப்ளஃப் சரியான இடத்தில்கூட விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் மாட்டிக்கொண்ட ப்ளஃப் எல்லோர் கண்ணிலும் படும், செய்யாமல் விட்ட ப்ளஃப் யார் கண்ணிலும் படாது. கேப்டன் எப்படி இருக்கிறார் என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. தோற்ற ஆளைப் பார்த்து 'ஏன் கால் செய்தாய்' என்று முதலில் கேட்கும் கேப்டன் இருக்கும் அணியில், இரண்டு மாதத்தில் எல்லோரும் கூட்டுக்குள் போய்விடுவார்கள். நீங்கள் எந்த வகை ஆள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அணி என்பது ஆட்டத்துக்கு முன்னும் பின்னும்தான். கை ஓடிக்கொண்டிருக்கும்போது முடிவு ஒருவருடையதாகவே இருக்க வேண்டும். தொலைபேசியில் நண்பர் சொல்லச்சொல்ல ஆடுவது, ஒருவர் கணக்கில் இன்னொருவர் உட்காருவது, அணி நண்பர்கள் ஒரே மேசையில் ஒருவரை ஒருவர் தாக்காமல் விட்டுக்கொடுப்பது, கைச்சீட்டைச் சொல்லிக்கொள்வது, ஆடும்போது சால்வரைத் திறந்துவைப்பது எல்லாமே ஒழுங்கான தளம் எதிலும் தடைசெய்யப்பட்டவை. கணக்கு முடக்கப்படும், பணமும் போகலாம். அதைவிட முக்கியம், எதிரில் இருப்பவர் ஒருவரோடு ஆடுவதாக நம்பி உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர்கள்கூட 'நம் லீக்தானே' என்று இதில் வழுக்குவதுண்டு. உங்கள் நண்பர்கள் அந்த மாதிரி ஏதாவது பேசினால் அந்த அணியை விட்டுவிடுங்கள்.

கோச்சுக்கு வருகிறேன். நல்ல கோச் முதலில் உங்கள் வரைபடத்தைக் கேட்க மாட்டார், ஆடிய கைகளின் டேட்டாபேஸைக் கேட்பார். எத்தனை சதவீதக் கையில் உள்ளே வருகிறீர்கள், எத்தனையில் ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) வருகிறீர்கள், பிக் பிளைண்டில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பார்ப்பார். இந்த எண்கள் லாபத்தைவிட வெகு சீக்கிரம் நிலைப்படுபவை, சில ஆயிரம் கையிலேயே உருவம் தெரியும். பட்டன் (கடைசியாகப் பேசும் இடத்தில் இருப்பவர்) 2.5 பிக் பிளைண்டுக்குத் திறக்கிறார், ஸ்மால் பிளைண்ட் (பிக் பிளைண்டில் பாதியைக் கட்டாயமாக வைத்தவர்) விட்டுவிட்டார் என்று வையுங்கள். பிக் பிளைண்டில் இருக்கும் நீங்கள் இன்னும் 1.5 போட்டால் 4-ஐ ஜெயிக்கலாம். சுமார் 27 சதவீத ஈக்விட்டி, அதாவது ஜெயிக்கும் வாய்ப்பு, போதும். ரேக்கும், முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் கஷ்டமும் அந்தத் தேவையைக் கொஞ்சம் ஏற்றும். ஆனாலும் பலர் விட வேண்டியதைவிட நிறைய விடுகிறார்கள். இது தினமும் பலமுறை வருகிற இடம் என்பதால், எப்போதோ ஒருமுறை வரும் பிரமாதமான ரிவர் ப்ளஃப்பைவிட இங்கேதான் பணம் இருக்கிறது. இப்படி அடிக்கடி வரும் சின்ன இடங்களை முதலில் பிடிப்பவர் தொழில் தெரிந்தவர். முதல் வகுப்பிலேயே அபூர்வமான கைகளைக் காட்டி அசத்துபவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

லாபத்தில் பாதி என்ற ஒப்பந்தத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மாதத்தில் 20,000 கை ஆடுகிறீர்கள், ஆட்டம் துளிகூட மாறவில்லை, உண்மையான வீதம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அதே 90-ஐ வைத்துப் பார்த்தால், உங்களைப் போன்ற ஆறு பேரில் ஒருவர் வெறும் சீட்டு ராசியாலேயே 12 பை-இன்னோ (மேசையில் உட்காரக் கொண்டுவரும் 100 பிக் பிளைண்ட் ஒரு பை-இன்) அதற்கு மேலோ லாபத்தில் இருப்பார். அவரிடமிருந்து கோச்சுக்கு 6 பை-இன். அதே அளவு நஷ்டப்பட்ட இன்னொருவரிடமிருந்து எதுவும் வராது, ஆனால் அந்த நஷ்டத்தில் பங்கும் இல்லை. எதுவுமே சொல்லிக்கொடுக்காமல் நிறையப் பேரைச் சேர்த்துக்கொண்டாலே போதும், கோச்சுக்கு வருமானம் வரும். எல்லா லாபப் பங்கு கோச்சும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, வாரம் தவறாமல் உட்கார்ந்து உழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: காலம் மாதக் கணக்கா, கைக் கணக்கா; ஒரு மாத நஷ்டம் அடுத்த மாத லாபத்தில் கழிக்கப்படுமா; நடுவில் விலகினால் என்ன கொடுக்க வேண்டும்; வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவர் உங்களோடு உட்காருவார் என்பது எழுத்தில் இருக்கிறதா. நஷ்டத்தைக் கழிக்காமல் மாதாமாதம் பாதி என்றால் வேண்டாம். ஒரு மாதம் 10 ஏறி அடுத்த மாதம் 10 இறங்கினால் உங்கள் கையிலிருந்து 5 போயிருக்கும்.

மணிக்கு இவ்வளவு என்று வாங்குபவரிடம் கணக்கு எளிது. நீங்கள் மாதம் 10,000 கை ஆடினால், வீதம் 100 கைக்கு 1 பிக் பிளைண்ட் உயர்வது மாதத்துக்கு ஒரே ஒரு பை-இன். கோச்சிங் செலவு மொத்தம் 10 பை-இன் என்றால் அது திரும்பி வரப் பத்து மாதம், அதுவும் அந்த உயர்வு உண்மையிலேயே வந்தால். சிறிய மேசையில் ஒரு பை-இன் சின்னத் தொகை, கோச்சின் ஒரு மணி நேரமோ பெரிய தொகை. ஆகவே தனிக் கோச்சிங் சிறிய மேசைக்காரருக்குப் பணக் கணக்கில் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. கற்பதில் இருக்கும் ஆசைக்காக எடுத்துக்கொண்டால் அது வேறு, அதில் தப்பே இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கோச்சை மாதம் ஒருமுறை அழைத்து, நடுவில் தாங்களே படிப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. கோச் இருக்கும் நாளில் கேள்விகள் ஏற்கனவே தயாராக இருக்கும், ஒருவரின் ஓட்டையை மற்ற நால்வரும் தங்கள் ஆட்டத்தில் தேடுவார்கள்.

மனப் பயிற்சி கோச்சுகள் பற்றி என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியாது. சிலருக்கு உதவியதாகச் சொல்கிறார்கள், அதை அளக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆட்டத்துக்கு நேரம் குறிப்பது, இத்தனை பை-இன் போனால் எழுந்துவிடுவது என்ற எளிய விதிகள் உதவுவதை நானே பார்த்திருக்கிறேன். இதோடு இன்னொன்று, அக்கறையோடு சொல்கிறேன். விட்டதைப் பிடிக்க மேசை உயர்த்தி ஆடுகிறீர்கள், வீட்டில் தொகையை மறைக்கிறீர்கள், கடன் வாங்கி ஆடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது போக்கர் கோச் இல்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சூதாட்டப் பழக்கத்துக்கு உதவும் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் தெரியவில்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம். பணம் வைத்து ஆடுவது பல இடங்களில் சட்டப்படி தடை. நீங்கள் இருக்கும் இடத்தில் நிலைமை என்ன என்பதை எந்த ஒப்பந்தத்துக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள். தடை என்றால் பணமில்லாத லீக்கிலும் மேலே சொன்ன படிப்பு அப்படியே நடக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் லீக்கில் சேர்வேன், ஒரு நிபந்தனையோடு: வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், முடிவை மறைத்துவைத்து, ஆளுக்கு இரண்டு கை என்று எல்லோரும் உட்கார வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் நண்பர்கள் அதற்கு வராமல் ஆட்டத்துக்கு மட்டும் வந்தால், அது பொழுதுபோக்கு அணி என்று தெரிந்துவிடும். பொழுதுபோக்குக்காக ஆடுவதும் நல்லதுதான், முன்னேற்றத்தை மட்டும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் கோச்சிடம் இப்போதைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு மணி நேரத்துக்கு நேரடியாகப் பணம் கொடுத்து, உங்கள் டேட்டாபேஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பிக் பிளைண்டிலும் ரிவரிலும் உங்கள் எண்களைக் குறிப்பிட்டு, காரணத்தோடு அவர் நாலு விஷயம் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். பார்க்க மறுத்து, தன் மாணவர்களின் லாப வரைபடங்களை மட்டும் அனுப்பினால் அவரை விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தின் வாசகம் கையில் இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.